தெரிவும் பொறுப்பும்: மண்டைதீவு வாழ்வை முன்னிறுத்திய ஓர் அறவியல் நோக்கு

மனிதர் நாள்தோறும் செய்யும் தெரிவுகளுட் பெரும்பாலானவை மறுநாளே மறக்கப்படுகின்றன. ஆயின் எத்தொழிலை மேற்கொள்வது, எவ்வூரில் வீடமைத்து வாழ்வது, யாரை மணம் புரிவது என்பன போன்ற ஒரு சில தெரிவுகள் அத்தன்மையன அல்ல. அவை தெரிபவரின் வாழ்வை மட்டுமன்றி, அவரைச் சார்ந்தோரதும் அவருக்குப் பின் வருவோரதும் வாழ்வையும் வகுத்துவிடுகின்றன. இவற்றை எடுப்பதற்குக் கிடைக்கும் காலமோ சிறிது. துணைநிற்கும் அறிவோ குறைவு. மீளத் திருத்தும் வாய்ப்போ அரிது. அவ்வாறாயின் ஒரு பெருந்தெரிவு தக்கதா தகாததா என்பதை எவ்வளவுகோல் கொண்டு மதிப்பிடுவது? அதன் விளைவைக் கொண்டா? தெரிந்தவரின் நோக்கத்தைக் கொண்டா? அன்றி வேறு யாதேனும் ஒன்றைக் கொண்டா? இதுவே ஈண்டு ஆராயப்படும் வினாவாகும்.

இவ்வினா நூலகத்துள் மட்டும் பிறப்பதன்று. யாழ்ப்பாண நகரின் பண்ணைக் கரையில் நின்று நோக்குவோர்க்குப் பரவைக்கடலுக்கு அப்பால் தென்படுவது மண்டைதீவு. நெடுந்தீவையும் நயினாதீவையும் அடையப் படகு வேண்டும். மண்டைதீவுக்கோ பண்ணைத் தாம்போதி வழியே மிதிவண்டியிற் சென்றுவிடலாம். மழையை நம்பிய நெற்செய்கை, பனைவளம், மீன்பிடி என்பனவே அவ்வூரின் மரபான வாழ்வாதாரங்கள். நகரம் கண்ணெதிரே இருந்தது. ஊரின் வளமோ அளவானதாக இருந்தது. ஆகவே இருப்பதா, செல்வதா என்ற வினா அங்கு பிறந்தோர்க்கு இளமையிலேயே எதிர்ப்பட்டது. தீவகம் முழுவதற்கும் பொதுவான இவ்வினா, கடந்த அரை நூற்றாண்டில் மண்டைதீவு மக்களிடம் மிகக் கொடிய வடிவில் வந்து நின்றது. ஆதலின் அவ்வூரை முன்னிறுத்தி இப்பொருளை ஆராய்தல் பொருத்தமுடையதாகும்.

தெரிவும் நிர்ப்பந்தமும்

ஒரு செயலைத் தெரிவு என்று கூறுவதற்கு முன்னர், அது உண்மையில் தெரிவுதானா என்பதைத் தெளிதல் வேண்டும். இதற்கு அரிஸ்டோட்டில் தமது ‘நிக்கோமாக்கிய அறவியல்’ என்னும் நூலில் எடுத்தாளும் ஓர் உதாரணம் பெரிதும் உதவுகின்றது. புயலில் அகப்பட்ட கலத்தின் தலைவன், உயிரைக் காக்கும்பொருட்டுச் சரக்கைக் கடலில் வீசுகின்றான். அமைதியான நாளில் எவரும் தம் பொருளைக் கடலில் எறியார். புயலிலோ அறிவுடையோர் யாவரும் எறிவர். எனவே இச்செயல் விருப்பத்தின்பாற்பட்டதா, அன்றா என்ற ஐயம் எழுகின்றது. அரிஸ்டோட்டில் இதனை இரண்டும் கலந்த செயலாகக் கொண்டார். எனினும் அக்கணத்தில் கையை அசைத்தவன் அவனே என்பதால், அது விருப்பச் செயலையே பெரிதும் ஒத்தது என்பது அவர் முடிபு.

மண்டைதீவின் 1990ஆம் ஆண்டை இவ்வுதாரணத்தின் அருகில் வைத்து நோக்கலாம். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் இராணுவம் தீவகத்தில் மேற்கொண்ட நடவடிக்கையின்போது மண்டைதீவு மக்கள் வீடு, வயல், வலை, ஆடு மாடு ஆகியவற்றைக் கைவிட்டு வெளியேறினர். அக்காலத்தில் கைதுசெய்யப்பட்ட இளைஞர் பலர் திரும்பி வரவில்லை; அவர்களின் உறவினர் இன்றும் விடை கேட்டு நிற்கின்றனர். அதற்கு நான்கு ஆண்டுகளின் முன், 1986 ஜூன் 10ஆம் நாள், மண்டைதீவுக் கடலிலே தொழிலுக்குச் சென்ற குருநகர்க் கடற்றொழிலாளர் முப்பது பேருக்கு மேல் கொல்லப்பட்டனர். கடற்றொழிலைத் தெரிந்தோர் அலைக்கும் காற்றுக்கும் தம்மை ஒப்புக்கொடுத்தவர்களே. ஆயின் துப்பாக்கிக்குத் தம்மை ஒப்புக்கொடுக்கும் தெரிவு எதனையும் அவர்கள் செய்திருக்கவில்லை.

கலத்தலைவன் உதாரணம் இவ்விடத்திற் போதாமற் போகின்றது. புயல் எவருக்கும் விடையிறுக்கக் கடமைப்பட்டதன்று. அதனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றமுடியாது. மனிதர் ஆக்கிய நிர்ப்பந்தமோ அத்தகையதன்று. அதற்குப் பொறுப்பாளர் உளர். ‘ஊரை விட்டு ஏன் ஓடினாய்?’ என்று ஓடியவரைக் கேட்பது, ஓடச் செய்தவரைக் கேட்கவேண்டிய வினாவை இடம் மாற்றுவதாகும். எனவே அறவியலின் முதற்கடன், தெரிவு என்னும் சொல்லை அளவறிந்து வழங்குவதே எனலாம். வெளியேற்றப்பட்டவரின் செலவைத் தெரிவு என்று பெயரிடுவோர், அவருக்குப் பொறுப்பை ஏற்றி, உரியவரை விடுவித்துவிடுகின்றனர்.

ஆயினும் கதை அத்துடன் முடிவதில்லை. உடனடி ஆபத்து நீங்கியபின், திரும்பிச் செல்வது இயலும் என்ற நிலை தோன்றியபோது, மண்டைதீவு மக்களின் முன் உண்மையான தெரிவு வந்து நின்றது. அதற்குள் சிலர் யாழ்ப்பாண நகரிலும், சிலர் கொழும்பிலும், சிலர் ஐரோப்பாவிலும் கனடாவிலும் வேரூன்றிவிட்டனர். புறப்பட்டமை அவர்களின் தெரிவன்று. திரும்புதலும் திரும்பாமையும் தெரிவுகளாகும். முன்னதை வைத்து எவரையும் பழித்தல் தகாது. பின்னதைப் பற்றியோ பொறுமையுடன் ஆராய இடமுண்டு.

கணக்கின் எல்லை

பெருந்தெரிவு செய்வோர்க்கு உலகம் வழங்கும் பொதுவான அறிவுரை, நன்மை தீமைகளைக் கணக்கிடுக என்பதே. இதற்குப் புகழ்பெற்ற வடிவம் கொடுத்தவர் பெஞ்சமின் பிராங்ளின். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வாழ்ந்த யோசப் பிறீஸ்ற்லி, ஷெல்பேண் பிரபுவிடம் பதவியேற்று வேற்றிடம் செல்வதா என்று தடுமாறியபோது, பிராங்ளின் 1772இல் அவருக்கு ஒரு கடிதம் வரைந்தார். எதனைத் தெரிவது என்று தாம் கூறாது, எவ்வாறு தெரிவது என்பதை மட்டும் அவர் கூறினார். தாளை இரு பத்திகளாக வகுத்து ஒருபுறம் சார்பான நியாயங்களையும் மறுபுறம் எதிரான நியாயங்களையும் சில நாள்கள் எண்ணியெண்ணி எழுதுக. நிறை ஒத்தவற்றை இருபுறமும் அடித்துவிடுக. எஞ்சுவதைக் கொண்டு முடிவு செய்க என்பது அவர் காட்டிய முறை.

பிறீஸ்ற்லி அப்பதவியை ஏற்றார். அங்கே பணிபுரிந்த காலத்தில், 1774ஆம் ஆண்டு, பின்னர் ஒட்சிசன் எனப் பெயர்பெற்ற வாயுவைப் பிரித்தெடுத்தார். அதன்பின் பேமிங்காம் நகரிற் குடியேறிய அவரது வீட்டை 1791இல் கலகக்காரர் எரித்தனர். 1794இல் அவர் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தார். ஒட்சிசனோ எரிந்த வீடோ 1772ஆம் ஆண்டின் தாளில் எந்தப் பத்தியிலும் இடம்பெற்றிருக்க இயலாது. அவருடைய வாழ்வைப் பின்னர் வகுத்தவையோ அவையே.

இவ்வுண்மைக்குச் சான்று தேடி இங்கிலாந்து வரை செல்லவேண்டியதில்லை. ‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும்’ என்பது யாழ்ப்பாணத்துப் பழமொழி. பயிர்செய் நிலம் குறைந்த நாட்டில் ஆங்கிலக் கல்வியும் அரசாங்க உத்தியோகமும் பாதுகாப்பான வழி என்று ஒரு தலைமுறை கணக்கிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொடக்கம் மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் பிற அரசாங்கப் பகுதிகளுக்கும் சென்றோரின் கணக்கும் அதுவே. அவர்களுட் பலர் ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பிக் கல்வீடு கட்டினர், கணக்குச் சரியாயிற்று. அதே கணக்கைப் பின்பற்றி 1940களில் பிள்ளைகளை எழுதுவினைஞர் சேவைக்கு அனுப்பிய பெற்றோர், 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வருமென்று கண்டிருக்க முடியாது. மருத்துவமும் பொறியியலும் என்று கணக்கை மாற்றிக்கொண்ட அடுத்த தலைமுறை, 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தலை எதிர்கொண்டது. உத்தியோகத்தை நாடாது தென்னிலங்கையிற் கடை வைத்த தீவக வணிகர் பலரின் உழைப்பு 1983 ஜூலையில் தீக்கிரையாயிற்று. இவர்களெல்லாம் கணக்கிட அறியாதவர் அல்லர். கணக்கின் விதிகளையே பிறர் மாற்றிவிட்டனர்.

எதிர்காலம் அறியவொண்ணாதது என்பது மட்டும் இங்குள்ள இடர்ப்பாடன்று. எல். ஏ. போல் என்னும் அமெரிக்க மெய்யியலாளர் 2014இல் வெளியிட்ட நூலொன்றில் மற்றோர் இடர்ப்பாட்டைச் சுட்டுகின்றார். சில அனுபவங்கள் மனிதரின் விருப்பு வெறுப்புகளையே மாற்றிவிடுகின்றன. பிள்ளைப்பேறு அவற்றுள் ஒன்று. தாயாவதற்கு முன்னுள்ளவள், தாயான பின் தான் எதனை விரும்புவாள் என்பதை முன்னரே அறியாள். இக்கருத்து இடமாற்றத்துக்கும் பொருந்தும். இருபது வயதில் ரொறன்ரோவுக்குச் சென்றவர், ஐந்தாண்டில் திரும்புவேன் என்று கூறிச் சென்றிருக்கலாம். அவர் பொய் கூறவில்லை. ஆயின் ஐந்தாண்டின் பின் அங்கே இருந்தவர் வேறொருவர். அவருக்கு வேறு மொழியிற் கற்கும் பிள்ளைகள், வேறு நண்பர், வேறு அச்சங்கள். தாளில் நிறைபோட்டவர் ஒருவர். அதன் விளைவை வாழ்ந்தவர் இன்னொருவர். எனவே கணக்குத் தேவையானதே எனினும் அது இறுதித் தீர்ப்பாதல் இயலாது.

தெரிபவர் யார்?

மேலைத்தேயச் சிந்தனையிற் பெருந்தெரிவு பெரும்பாலும் தனிமனிதரின் செயலாகவே சித்திரிக்கப்படுகின்றது. பிரெஞ்சு மெய்யியலாளர் ஜீன் போல் சார்த்தர் 1945இல் பாரிசில் நிகழ்த்திய விரிவுரையில் தம் மாணவர் ஒருவரின் நிலையை எடுத்துக்காட்டினார். தமையன் 1940இன் ஜேர்மானியத் தாக்குதலில் இறந்துபோக, இவ்விளைஞனையே பற்றுக்கோடாகக் கொண்டு தாய் வாழ்கின்றாள். அவளுடன் இருப்பதா, இங்கிலாந்துக்குச் சென்று விடுதலைப் படையிற் சேர்வதா என்று அவன் வினவுகின்றான். எந்த அறநூலும் இதற்கு விடை தராது. நீ சுதந்திரமானவன், நீயே தெரிக என்பதே சார்த்தர் அளித்த விடை.

இவ்விடையின் நேர்மை பாராட்டற்குரியது. எனினும் இவ்வுதாரணத்தில் ஒரு குறை உண்டு. தாய் அங்கே தெரிவின் பொருளாக நிற்கின்றாளேயன்றித் தெரிவிற் பங்குகொள்பவளாக நிற்கவில்லை. தீவகத்து வீடொன்றில் இதே வினா எழுந்திருப்பின், அது மகனின் வினாவாக மட்டும் இருந்திராது. தாயும் தகப்பனும், தமக்கையின் திருமணமும், தம்பியின் படிப்பும், ஈடுவைத்த காணியும் அவ்வினாவில் வந்து அமர்ந்திருக்கும். மூத்த மகனை வெளிநாட்டுக்கு அனுப்பும் முடிவு குடும்பம் கூடி எடுத்த முடிவாகவே பெரும்பாலும் இருந்தது.

கூட்டுத்தெரிவைப் புகழ்ந்து கூறி இவ்விடத்து நிறுத்திவிடுதல் எளிது. அது முழு உண்மையாகாது. குடும்பம் தெரிகின்றது என்று கூறும்போது, அக்குடும்பத்துள் யார் பேசினார், யார் பேசவில்லை என்பதையும் கேட்டல் வேண்டும். கடல் கடந்து சென்ற மகனின் உழைப்பால் தமக்கையர் திருமணம் நிறைவேறியிருக்கும். தன் இளமை எவ்வாறு கழியவேண்டும் என்று அவனை எவரும் கேட்டிருக்கமாட்டார். படிப்பை நிறுத்தி வீட்டைப் பார்த்துக்கொண்ட மகளிடமும் எவரும் கேட்டிருக்கமாட்டார். அவள் செய்தது தியாகம் என்று ஊர் பின்னர்ப் போற்றும். கேட்டுப் பெறாத தியாகம் தியாகமன்று. அது எடுத்துக்கொள்ளப்பட்ட ஒன்று. தனிமனிதர் தம்மைச் சார்ந்தோரைக் கேளாது தெரிவது ஒரு பிழையாயின், குடும்பம் தன் உறுப்பினரைக் கேளாது தெரிவது மற்றொரு பிழையாகும். ஒரு முடிவின் சுமையைத் தாங்கப்போகின்றவர் எவரோ, அவர் அதனை எடுக்கும் அவையில் வாய்திறந்திருத்தல் வேண்டும். பெருந்தெரிவுகளைப் பற்றி முன்கூட்டியே விதிக்கத்தக்க கட்டுப்பாடு ஒன்று உண்டெனில், அது இதுவே எனலாம்.

தெரிவுக்குப் பின்

விளைவு கைக்கு எட்டாதது, கணக்கு எல்லைக்குட்பட்டது. அவ்வாறாயின் தெரிவின் தகுதி எங்கே உள்ளது? தீவகத்தோடு தொடர்புடைய மூவரின் வாழ்வு இதற்கு விடை காண வழிசெய்கின்றது. முதலாமவர் காப்பியத் தலைவி; ஏனைய இருவரும் இருபதாம் நூற்றாண்டினர்.

மணிமேகலைக்காக இருவர் தெரிந்தனர். பாட்டி சித்திராபதி அவளைக் குலத்தொழிலிற் செலுத்த முனைந்தாள். தாய் மாதவி துறவிற் செலுத்தினாள். தெய்வத்தால் மணிபல்லவத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவள், அங்கேதான் முதன்முறை தனித்து நின்று தன்னை அறிகின்றாள். அம்மணிபல்லவம் நயினாதீவே என்பது அறிஞர் பலரின் கருத்து. ஈண்டு நோக்கற்பாலது காப்பியம் அமைத்துள்ள வரிசை. அமுதசுரபியைப் பெற்ற மணிமேகலை முதலிற் புகார் நகர் மீண்டு பசித்தோர்க்கு உணவளிக்கின்றாள்; சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குகின்றாள். பல்வேறு சமயவாதிகளின் கொள்கைகளை வஞ்சியிற் கேட்டறிவதும், காஞ்சியில் அறவண அடிகளிடம் அறம் கேட்டுத் தவம் பூணுவதும் பின்னரே நிகழ்கின்றன. கொள்கை முழுவதையும் ஐயமறக் கற்றபின் அவள் செயலில் இறங்கவில்லை. செயலில் நின்றவளே கொள்கையைத் தேரும் தகுதியைப் பெற்றாள்.

ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனில் 1913இற் பிறந்த தனிநாயகம் அடிகள், 1938இல் றோமில் குருப்பட்டம் பெற்றார். அது அவரின் முதலாம் பெருந்தெரிவு. பின்னர்த் திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்திற் பள்ளியாசிரியராகப் பணியாற்றியபோதே தமிழை முறையாகக் கற்கத் தொடங்கினார். அதன்பின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்து தமிழ் பயின்றார். 1952இல் ‘தமிழ் கல்ச்சர்’ என்னும் ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார்; 1964இற் புதுடில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார்; 1966இற் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழ் மாநாட்டை நடத்தினார். 1938ஆம் ஆண்டின் இளங்குருவானவரிடம் இவ்வரலாறு எதுவும் எழுதிவைக்கப்பட்டிருக்கவில்லை. முதலாம் தெரிவை அவர் கைவிடவுமில்லை. அதற்குள் அடங்கிக் கிடக்கவுமில்லை. அதனுள் நின்றவாறே எதிர்ப்பட்டதைக் கூர்ந்து நோக்கி, இரண்டாம் தெரிவைச் செய்தார்.

மூன்றாமவர் புங்குடுதீவைச் சேர்ந்த எழுத்தாளரும் சிந்தனையாளருமான மு. தளையசிங்கம். 1935இற் பிறந்த அவர் பேராதனையிற் கற்றுப் பட்டம் பெற்று ஆசிரியரானார். பட்டதாரி ஒருவர் ஊரைத் துறந்து முன்னேறுவதே வழக்கமாயிருந்த காலத்தில், அவர் தம் ஊரையே பணிக்களமாகக் கொண்டார். தாழ்த்தப்பட்டோர் நன்னீர் அள்ளும் உரிமைக்காக 1971இற் புங்குடுதீவில் நிகழ்ந்த அறப்போராட்டத்தில் ஈடுபட்டுக் கைதுக்கும் தாக்குதலுக்கும் ஆளானார். 1973இற் காலமானார். விளைவு ஒன்றே அளவுகோலாயின் இது தோல்வியுற்ற தெரிவு என்று கூறநேரும். அங்ஙனம் கூற எவருக்கும் மனம் ஒருப்படாது. காரணம், அவர் தாம் தெரிந்த இடத்துக்குத் தம்மை முற்றாகப் பொறுப்பாக்கிக்கொண்டார் என்பதே.

இம்மூன்று வாழ்வும் ஒரே முடிவைச் சுட்டுகின்றன. பெருந்தெரிவு ஒருநாளில் எடுத்து முடிக்கப்படுவதன்று. எடுக்கப்பட்ட நாளில் அது தொடங்குகின்றது. பின்வரும் நாள்களில் தெரிந்தவர் அதற்குப் பொறுப்பேற்று வாழும் முறையாலேயே நல்ல தெரிவாகவோ தீய தெரிவாகவோ ஆகின்றது.

இரு தடைகள்

இம்முடிவுக்கு எதிராக இரு தடைகள் எழுப்பப்படலாம். பின்னர் வாழும் முறையே அனைத்தும் எனில், நாணயத்தைச் சுண்டியே முடிவெடுக்கலாமே என்பது முதலாவது. இத்தடை பொறுப்பு என்னும் சொல்லின் நீட்சியை அறியாதது. பொறுப்பேற்கவிருப்பவர் இயன்றவரை ஆராயாது இறங்கார். திருக்குறள் தெரிந்துசெயல்வகை என்று ஓர் அதிகாரத்தை வகுத்தமையும், ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் தந்தமையும் இக்காரணம் பற்றியே எனலாம். ஆராய்தல், அடங்காததை ஒப்புக்கொள்ளல், முயலுதல் என்னும் மூன்றும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. நாணயத்தைச் சுண்டியவர் பின்னர் துன்பம் நேரின் நாணயத்தைப் பழிப்பர். ஆராய்ந்து தெரிந்தவருக்கு அவ்வாறு கைகழுவ இயலாது.

தெரிந்ததையே பற்றி நிற்பது பிடிவாதமன்றோ என்பது இரண்டாவது தடை. பிடிவாதம் வேறு, பொறுப்பு வேறு. பிடிவாதம் தன் மதிப்பைக் காப்பது. பொறுப்பு தன் தெரிவினால் தாக்கமுற்றோரைக் காப்பது. எடுத்த தொழில் தகாதது என்று கண்டு அதனை விடுவதும், பிறந்த ஊருக்கு இனித் திரும்ப இயலாது என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்வதும் பொறுப்பின் வடிவங்களே. அடுத்த ஆண்டு வருவேன் என்று முப்பது ஆண்டுகள் கூறிக்கொண்டு, காணியை எவருக்கும் பயன்படாது பற்றையாக விடுவதே பொறுப்பின்மையாகும். வாராதவரின் வேலிக்குள் அயலவர் பயிரிடவும் முடியாது, குடியிருக்கவும் முடியாது. அங்கே முடிவெடாமையும் ஒரு முடிவாகி, அதன் சுமை இருப்போர்மீது இறங்குகின்றது.

மீண்டும் மண்டைதீவு

மண்டைதீவுக்குத் திரும்ப விரும்பும் ஒரு தாயை இவ்விடத்துக் கருதிப் பார்க்கலாம். நகரில் அவளுக்கு மகளின் வீடு உண்டு, குழாய்நீர் உண்டு, வைத்தியசாலை அண்மையில் உண்டு. எப்பத்தியில் எழுதிக் கூட்டினும் கணக்கு நகரையே காட்டும். ஆயினும் 1990இற் கொண்டுசெல்லப்பட்ட மகன் அறிந்த முகவரி பழைய வீட்டினுடையது. அவன் வரும்போது படலை பூட்டியிருத்தலாகாது என்று அவள் எண்ணுகின்றாள். அவளின் தெரிவைப் பகுத்தறிவற்றது என்று யார் கூறத் துணிவார்? அவள் எதிர்காலத்தை முன்னுரைக்கவில்லை. தான் யாருக்குத் தாய் என்பதை நாள்தோறும் உறுதிசெய்கின்றாள். அவளின் உறுதி, மகனுக்கு நேர்ந்தது யாது என்று கூறக் கடமைப்பட்டோரின் மௌனத்தையும் நாள்தோறும் சுட்டிக்காட்டுகின்றது.

அதே ஊரிற் பிறந்து திரும்பாதோரின் தெரிவும் இகழ்தற்குரியதன்று. அந்நிய நாட்டிற் பிள்ளைகளை வளர்த்து, ஊரில் முதியோரைப் பேணி, பள்ளிக்கும் ஆலயத்துக்கும் உதவி, ஆண்டுக்கொருமுறை திருவிழாவுக்கு வந்து செல்வோர் தம் தெரிவுக்குத் தம் வழியிற் பொறுப்பேற்கின்றனர். இருந்தோர் சென்றோரைத் துரோகிகள் என்பதும், சென்றோர் இருந்தோரை ஏதுமறியாதோர் என்பதும் ஒருவர் மற்றவரின் தெரிவைத் தம் அளவுகோலால் அளப்பதன் விளைவாகும். இருசாராரும் ஒருவரையொருவர் கேட்கவேண்டிய வினா ஒன்றே: உன் தெரிவின் சுமையை யார் தாங்குகின்றார், அவருக்கு நீ என்ன செய்கின்றாய்?

ஊரும் எவருக்காகவும் மாறாது நிற்பதில்லை. 2025 செப்டெம்பர் 1ஆம் நாள் மண்டைதீவிலே சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. திரும்பி வருவோர் விட்டுச்சென்ற ஊருக்கு வரப்போவதில்லை. இருப்போரும் பழைய ஊரில் இருக்கப்போவதில்லை. ஓர் ஊரின் எதிர்காலம் பற்றிய தெரிவும் பெருந்தெரிவே. சுமை தாங்குவோர் அவையில் வாய்திறந்திருத்தல் வேண்டும் என்று குடும்பத்துக்குக் கூறிய விதி, ஊருக்கும் அரசுக்கும் அவ்வாறே பொருந்தும்.

பல்கலைக்கழகத்தில் இன்று கற்கும் இளைஞர் சில ஆண்டுகளில் இவ்வினாவை எதிர்கொள்வர். எந்தத் தொழில், எந்த ஊர், எந்த நாடு என்று அவர்களும் தாளை இரு பத்திகளாக வகுப்பர். அது நன்றே. ஆயின் பத்திகளைக் கூட்டிமுடித்தபின், தாளின் அடியில் எழுதவேண்டியது ஒன்று எஞ்சியிருக்கும். அது தெரிபவரின் கையொப்பம். பண்ணைத் தாம்போதியில் இரு திசையிலும் பயணம் நடைபெறுகின்றது. எத்திசையிற் சென்றார் என்பதை விட, சென்றபின் மறுகரையில் உள்ளோரை மறவாது வாழ்ந்தாரா என்பதே ஒருவரின் தெரிவை மதிப்பிடத் தக்க அளவுகோலாகும்.